கறள் தின்ற பக்கம்

இதுதான் அறை, பிள்ளை. யன்னலைத் திறந்துவிட்டால் நல்ல காத்து வரும், ஃபான் தேவைப்படாது. கட்டில் இருக்கு, மேசை இருக்கு. ரீச்சர்மாருக்கு மேசைதானே முக்கியம். இருங்கோ, அந்தக் கதிரையிலை இருங்கோ. தேத்தண்ணிக்கு வைச்சிட்டன். மட்டக்களப்பிலையிருந்து படிப்பிக்க வந்த பிள்ளையை வெறும் வாயோடை அனுப்புறதோ.

உங்களை ஆர் இஞ்சை அனுப்பினது? பிறேமினியோ. ம். அவளாய்த்தான் இருக்கும். மாமி தனிய இருக்கிறா, அறை ஒண்டு சும்மா கிடக்கு எண்டு சொல்லியிருப்பாள். நான் அவளோடை கதைக்கிறேல்லை. அதைச் சொன்னவளோ? சொல்லியிருக்க மாட்டாள். அவள் எதையும் வாய் திறந்து சொல்லுற பிள்ளை இல்லை.

அவள் என்ரை மருமகள். மருமகள் எண்டு இப்பவும் சொல்லலாமோ எண்டு எனக்குத் தெரியாது. என்ரை மகன் கேதீசன் கட்டின பெட்டை. இப்ப வேறை ஒருத்தரைக் கட்டி, அங்காலை குளத்தடிப் பக்கம் இருக்கிறாள். குறை சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ. நான் ஒருத்தரையும் குறை சொல்லுறேல்லை.

என்ன பாக்கிறியள், அந்தச் சுவரிலை கிடக்கிற கறையோ? அது மண்ணெண்ணெய். ரெண்டு தரம் வெள்ளையடிச்சும் போகேல்லை. இனிப் போகாது. மணம் ஒண்டும் இல்லை, பயப்படாதேங்கோ. ஒரு மாரி முழுக்க என்ரை மனிசன் அதிலைதான் சைக்கிள் சில்லைச் சாத்தி வைச்சவர். கேதீசன்ரை சைக்கிள். சொன்னால் உங்களுக்கு விளங்கும். ஒரு வீட்டிலை வந்து இருக்கப்போற பிள்ளைக்கு அந்த வீட்டு நடப்புத் தெரிஞ்சிருக்கத்தானே வேணும்.

என்ரை மனிசன் சங்கக்கடையிலை மனேஜரா இருந்தவர். சிவக்கொழுந்தர் எண்டால் இந்த வட்டாரத்திலை எல்லாருக்கும் தெரியும். அரிசி நிறுக்கிறது, சீனி நிறுக்கிறது, அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். ஒரு ஆணி அடிக்கவும் கேதீசனைத்தான் கூப்பிடுவார். கேதீசன் வயறிங் வேலை. சைக்கிள் பாரிலை ஒரு பை கொழுவி, அதுக்குள்ளை குறடு, வயர், எல்லாம் வைச்சுக்கொண்டு வீடு வீடாப் போவான். பிறேமினியைக் கட்டினாப் பிறகு அந்தப் பையைக் கழட்டிக் கரியரிலை கட்டிப்போட்டு, பாரிலை ஒரு சின்னக் குசன் வைச்சவன், அவள் இருந்து வர. அவளின்ரை பழைய பாவாடைத் துணியாலைதான் சுத்திக் கட்டினது. நீலத்திலை வெள்ளைப் பூ. ஊர் பாக்க அவளை முன்னாலை இருத்திக்கொண்டு போவான். எனக்கு அது பிடிக்கிறேல்லை. அதை இப்ப ஏன் சொல்லுவான்.

சண்டையின்ரை கடைசி நேரம் நாங்களும் எல்லாரையும் போலத்தான் கிழக்குப் பக்கமா நடந்தது. அந்தக் கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடற்கரைப் பக்கம், ஒரு தறப்பாளுக்குக் கீழை, கிடங்கு வெட்டி இருந்தம். பிறேமினிக்குக் காய்ச்சல். தண்ணி இல்லை. கேதீசன் தண்ணிக் கான் ரெண்டையும் கரியரிலை கட்டினான். "அம்மா, போட்டு வாறன்" எண்டான். "ஓம், கெதியா வா" எண்டனான். அவள் கிடங்குக்குள்ளை படுத்திருந்தவள், அவளுக்குச் சொன்னவனோ தெரியாது.

வரேல்லை.

இவர் தேடிப் போனவர். ஒருக்கா இல்லை, செல் விழ விழப் போய்ப் போய் வந்தவர். பிறகு சனம் எல்லாம் ஒரேயடியா எழும்பி நடக்கத் தொடங்கிட்டுது. நாங்களும் நடந்தம். நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் நடந்தனான். அவன் சைக்கிளிலை வாறவன்தானே, எட்டிப் பிடிச்சிடுவான் எண்டு நினைச்சனான்.

முகாமிலை இருக்கேக்கை ஒரு ஆள் கண்டது எண்டு சொன்னது. கேதீசன் மாதிரி ஒரு பெடியனை ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்தினவையாம். கட்டம் போட்ட சேட்டாம். அவனிட்டைக் கட்டம் போட்ட சேட் ரெண்டு இருந்தது பிள்ளை. நான் அந்த ஆளை விடாமல் கேட்டனான், எப்பிடி இருந்தவன், காயம் ஏதும் இருந்ததோ எண்டு. இல்லை, நல்லாத்தான் இருந்தவர் எண்டவர். அப்ப நான் என்னத்துக்கு அழவேணும் சொல்லுங்கோ. எங்கையோ இருக்கிறான். விடுற நேரம் விடுவினம், வருவான்.

ஊருக்கு விட்டாப் பிறகு வந்து பாத்தால், கூரை இல்லை, சுவர் மட்டும் நிண்டது. தகரம் போட்டுக்கொண்டு இருந்தம், நான், இவர், பிறேமினி. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்களோடைதான் இருந்தவள். நான் அவளைப் பிள்ளை மாதிரித்தான் வைச்சிருந்தனான். விடிய எழும்பிக் கிணத்தடியிலை தோய்ஞ்சால், குங்குமம் வைச்சியோ எண்டு கேட்பன். வைச்சிருப்பாள்.

அடுத்த வருசம் போலை ஒரு அறிவிப்பு. விட்டிட்டு வந்த வாகனங்கள் எல்லாம் ஒரு வெளியிலை குவிச்சுக் கிடக்கு, தங்கடை எண்டு அடையாளம் காட்டினால் எடுக்கலாம் எண்டு. இவர் போனவர். பின்னேரம் வந்து, சோத்தைப் பிசைஞ்சுபோட்டுச் சாப்பிடாமல் இருந்தவர். சைக்கிள் மலை மாதிரிக் கிடக்காம். ஒண்டுக்கு மேலை ஒண்டு. ஒண்டை இழுத்தால் பத்து சேர்ந்து வருமாம், சில்லும் சில்லும் கொழுவிப்போய். எல்லாம் ஒரே நிறமாம். கறள். உங்கடை புத்தகத்திலை துரு எண்டு இருக்கும்.

வேண்டாம், விடுங்கோ எண்டு பிறேமினி சொன்னவள். நான்தான் விடேல்லை. "அவன் வந்தால் என்னத்திலை வேலைக்குப் போறது? நாளைக்கும் போய்ப் பாருங்கோ" எண்டனான். போனவர். பிறகும் போனவர். கையெல்லாம் கீறல்.

கொண்டுவந்திட்டார் பிள்ளை. தள்ளிக்கொண்டு வரேலாது, சில்லு ரெண்டும் சுத்தாது, தோளிலை வைச்சுக்கொண்டு வந்தவர். சாரம் முழங்கால் மட்டும் நனைஞ்சு கிடந்தது. வழியிலை வாய்க்காலிலை கழுவினாராம், சேறாம். சேறு கழுவ அவ்வளவு நேரமோ எண்டு கேட்டனான். கண் ரெண்டும் சிவந்துபோய்க் கிடந்தது. தூசி எண்டார். வெய்யிலுக்குள்ளை கிடந்த இரும்பு, தூசிதானே.

அது கேதீசன்ரை சைக்கிள்தான். சீற் இல்லை, ரயர் இல்லை, கான் இல்லை. ஆனால் பாரிலை அந்தக் குசன் கிடந்தது. நீலம் எல்லாம் போய் மண் நிறம். முடிச்சுக்குள்ளை மட்டும் ஒரு வெள்ளைப் பூ தெரிஞ்சுது. பிறேமினி அதைத் தொட்டுப் பாத்திட்டுக் கிணத்தடிக்குப் போயிட்டாள். நான் கும்பிட்டனான். சைக்கிள் வந்திட்டுது, இனி ஆள் வரும் எண்டு.

முன் சில்லு பாக்கப் பாவமாக் கிடந்தது. ஒரு பக்கத்துக் கம்பியள் எல்லாம் அறுந்து, உள்ளுக்கு வளைஞ்சு கிடந்தது. மற்றப் பக்கம் கறள்தான், ஆனால் கம்பி முழுசு. சில்லுக்கு மேலை மூடியிருக்கிற மட்காட்டிலும் கம்பி அறுந்த பக்கம்தான் ஓட்டை ஓட்டையா, கஞ்சி வடிக்கிற தட்டு மாதிரி. "என்ன இது, ஒரு பக்கம் மட்டும் இப்பிடி?" எண்டு கேட்டன். இவர் குனிஞ்சு சில்லைத் தடவினார். பிறகு, "இஞ்சாரும் மலர், அது நிலத்திலை கிடந்த பக்கம். மழைத்தண்ணி தேங்கி நிண்டிருக்கும். கறள் தின்றிட்டுது" எண்டார். சரிதானே. நிலத்திலை கிடக்கிற பக்கம்தான் முதல் இத்துப்போகும். எங்கடை படலைத் தகரமும் அப்பிடித்தான் போனது.

சைக்கிள்கடை அந்தோனிப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர். அந்த ஆள் சில்லைப் பாத்திட்டு, "அண்ணை, இந்தக் கம்பியளோடை மாரடியாதேங்கோ. என்னட்டைப் புதுக் கம்பி கிடக்கு, ஒரு பகலிலை கோத்துத் தாறன், சில்லு நேராகும்" எண்டார். இவரும் ஓம் எண்டு சொல்லப்போனவர். நான்தான் மறிச்சனான். "புதுக் கம்பி போட்டால் அவன் வந்து பாத்திட்டு, இது என்ரை சில்லு இல்லை எண்டு சொல்லுவான். அவன் தன்ரை கையாலை இறுக்கின கம்பி. கறளை எடுங்கோ, கம்பியை மாத்தாதேங்கோ" எண்டனான். அந்தோனிப்பிள்ளை இவரைப் பாத்தார். இவர் நிலத்தைப் பாத்தார். "மலர் சொல்லுறபடி செய்வம்" எண்டார். நான் சொன்னால் கேட்பார், அந்தக் குணம் அவரிட்டை இருந்தது.

அதுக்காக ஒரு மாரி முழுக்க அதோடையே இருக்கச் சொல்லி நான் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கோபம். வீட்டிலை எத்தினை வேலை கிடந்தது. கிணறு இறைக்கவேணும், வேலி அடைக்கவேணும். இந்த மனிசன் தேத்தண்ணியைக் குடிச்சால் சில்லுக்குப் பக்கத்திலை போய்க் குந்திடும். கூப்பிட்டால் கேளாது.

முதல்லை கத்தியாலையும் சொரசொரத்த அரத்தாளாலையும் சுரண்டினவர். கம்பி பளபளவெண்டு வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினவர், சின்னப் பிள்ளை மாதிரி. நானும் நல்லாயிருக்கெண்டு சொன்னனான். ஒரு மழை பெய்ஞ்சுது. விடியப் பாத்தால் அவ்வளவு கம்பியும் செம்மஞ்சள். முந்தினதை விட மோசம். அந்தோனிப்பிள்ளை வந்து பாத்துச் சிரிச்சார். "அண்ணை, கறளோடை சேர்த்துக் கம்பியின்ரை பூச்சையும் சுரண்டிப்போட்டியள். இனி அது வெறும் இரும்பு. ஈரம் பட்ட உடனை பிடிக்கும். ஆறுதலாச் செய்யவேணும்" எண்டு சொல்லிக் குடுத்தார்.

பிறகு அதுபடிதான். துணியை மண்ணெண்ணெயிலை தோய்ச்சுக் கம்பி கம்பியாச் சுத்திவிட்டு, சுவரிலை சாத்திவைக்கிறது. அந்தக் கறைதான் இது. ஊறினாப் பிறகு பழைய பல்லுத் தீட்டுற பிறஸ்ஸாலை உரஞ்சுறது. பிறகு சிகரட் பெட்டிக்குள்ளை இருக்கிற வெள்ளித்தாள். அதைத் தண்ணியிலை நனைச்சுத் தேய்ச்சால் கம்பி கீறுப்படாது, கறள் மட்டும் கறுத்த தண்ணியா வடியும். இவர் பத்தாத மனிசன், சுருட்டுக்கூட இல்லை. சந்தியிலை கடைக்குக் கடை போய்க் குப்பைக்குள்ளை கிடக்கிற சிகரட் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு வருவார். மனேஜரா இருந்த ஆள். எனக்கு வெக்கமா இருந்தது. துடைச்சு, வெய்யில் வந்தால் வெய்யிலிலை, இல்லாட்டி அடுப்படிக்குப் பக்கத்திலை காயவைச்சு, காய்ஞ்ச உடனை எண்ணெய் பூசவேணும். உடனை பூசாட்டித் திரும்பப் பிடிச்சிடும்.

கம்பியும் கம்பியும் குறுக்கை தொடுற இடம்தான் பொல்லாதது எண்டு சொல்லுவார். வெளியிலை தெரியாது, அதுக்குள்ளைதான் கறள் இருக்கும். பழைய சீலையை நூல் மாதிரிக் கிழிச்சு, அந்த இடுக்குக்குள்ளை விட்டு, அங்கையும் இஞ்சையும் இழுப்பார். தயிர் கடையிற மாதிரி. மணிக்கணக்கா இழுப்பார். அப்ப அவற்றை வாய் அசையும். என்ன சொல்லுறியள் எண்டு கேட்டால், ஒண்டுமில்லை எண்டுவார். தேவாரமாய் இருக்கும்.

அறுந்த கம்பியளுக்கு என்ன செய்யிறது? அதுக்கு மட்டும் நான் விட்டுக்குடுத்தனான். புதுசு இல்லை, அந்தோனிப்பிள்ளையின்ரை கடைப் பின்பக்கத்திலை கிடந்த பழஞ்சில்லுகளிலை இருந்து கழட்டின கம்பி. அதுகளும் கறள்தான். அதுகளையும் ஒண்டொண்டாத் தேய்ச்சவர். ஆற்றையோ சைக்கிள் கம்பி. ஆர் ஓடினதோ.

மட்காட்டை மட்டும் ஒருநாள் கழட்டிக்கொண்டுபோய் எங்கையோ போட்டிட்டார். நான் தேடின பிறகுதான் சொன்னார். கம்பியை அந்தப் பாடுபட்டுக் காப்பாத்தினவர் மட்காட்டை ஏன் எறிஞ்சவர் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. அதையும் தட்டி நிமித்தியிருக்கலாம்தானே. அந்தோனிப்பிள்ளையிட்டையும் கேட்டனான். "அக்கா, கறள் தின்ற ஓட்டையெண்டால் விளிம்பு மெலிஞ்சு உதிரும். அது..." எண்டு தொடங்கினார். இவர் இருமினார். அந்தோனிப்பிள்ளை தேத்தண்ணியை ஒரே வாயிலை குடிச்சிட்டு எழும்பிப் போயிட்டார். அவருக்கென்ன தெரியும். காத்தடிக்கிற ஆள்.

அந்த மட்காட் போறதுக்கு முதல் நாளோ என்னவோ, நான் குசினிக்குள்ளை இருக்கிறன். பிறேமினி இவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவள். மட்காட் நிலத்திலை கிடந்தது. அதை எடுத்துக் கையிலை வைச்சுக்கொண்டு, "மாமா, இது கறளோ?" எண்டு கேட்டவள். இவர் குனிஞ்சபடி கம்பியைத் தேய்ச்சார். நான் யன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். அவள் திரும்பக் கேக்கேல்லை. விரலை அந்த ஓட்டை ஒண்டுக்குள்ளை விட்டுப் பாத்தாள். பிறகு மட்காட்டை மெல்லமா நிலத்திலை வைச்சாள். சத்தம் கேளாமல் வைச்சாள். வைச்சிட்டு, அவருக்கு எதிரிலை, சில்லுக்கு மற்றப் பக்கத்திலை குந்தி இருந்தாள். ஒரு துணித்துண்டை எடுத்து ஒரு கம்பியைத் தேய்க்கத் தொடங்கினாள். ரெண்டு பேருக்கும் இடையிலை சில்லு. சோறு ஆறுது எண்டு நான் ரெண்டு தரம் கூப்பிட்டனான். ஆரும் திரும்பிப் பாக்கேல்லை. இருட்டிப்போச்சு, அப்பவும் தேய்ச்சுக்கொண்டு இருந்தவை.

அண்டைக்குத்தான் பிள்ளை, அவை ரெண்டு பேரும் என்னை விட்டிட்டு ஏதோ கதைச்சு முடிவெடுத்தவை. வாயாலை கதைக்கேல்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் விடிய அவள் தோய்ஞ்சிட்டுக் குங்குமம் வைக்காமல் வந்து நிண்டாள். மறந்துபோனாள் எண்டு நான் எடுத்து வைச்சுவிட்டன். கண்ணை மூடிக்கொண்டு நிண்டாள். அதுக்கு அடுத்த நாளும் வைக்கேல்லை. நான் வைச்சுவிட்டன். அதுக்குப் பிறகு தினமும் நான்தான் வைச்சுவிட்டது. ஒருநாளும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை அவள். முகத்தைக் காட்டிக்கொண்டு நிப்பாள். அதாலை நான் என்ன நினைக்கிறது சொல்லுங்கோ. அவளுக்கும் விருப்பம் எண்டுதானே நினைக்கிறது.

மாரி முடிய சைக்கிளும் முடிஞ்சுது. அந்தோனிப்பிள்ளை வந்து கம்பியளை இறுக்கிச் சில்லை நேராக்கித் தந்தார். இவர் சில்லைச் சுத்திவிட்டார். வெய்யிலுக்கு மினுங்கிச்சுது. அங்கங்கை கறுப்புப் புள்ளி கிடந்தது, அது போகாது எண்டார். புது ரயர், புது சீற். குசனையும் தோய்ச்சு, வேறை துணியாலை மூடித் தைச்சுக் கட்டினவள் பிறேமினி. நான் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைச்சு, இந்த அறைக்குள்ளை கொண்டுவந்து விட்டனான். இது அவங்கடை அறை. அவன் வந்து எடுக்கட்டும் எண்டு.

கிழமை ரெண்டு போகேல்லை, இவர் சைக்கிளை வெளியிலை எடுத்து அவளிட்டைக் குடுத்திட்டார். ரவுணிலை தையல் வேலைக்கு ஆள் எடுக்கினம், பஸ் நேரத்துக்கு வராது, பிள்ளை சைக்கிளிலை போகட்டும் எண்டு. "அது கேதீசன்ரை சைக்கிள். அவன் வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்?" எண்டு கேட்டனான்.

"நான் சொல்லிக்கொள்ளுறன்" எண்டார்.

அவ்வளவுதான் சொன்னவர். கோவிக்கேல்லை. பிறேமினி ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு நிண்டாள். அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். பாரிலை இருந்துகொண்டே பழகினவளாம். ஏறி ஓடிப்போனாள். இவர் படலையிலை நிண்டு, அவள் திரும்பி மறையும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டார்.

அதுக்குப் பிறகு எல்லாம் கெதியா நடந்தது. வீட்டுக்குக் கூரை போட வந்த மேசன், நிமலராசா எண்டு. அந்த ஆளுக்கும் பெண்சாதி போனது அந்தக் கடைசி நாளிலைதான். நல்ல மனிசன், குடி இல்லை. கூரை போட வந்தவர் கூரையைப் பாத்துக்கொண்டு போயிருக்கவேணும். பிறேமினியாக் கேட்டவளோ, அந்த ஆள் கேட்டதோ எனக்குத் தெரியாது. இவர்தான் பேசி முடிச்சவர் எண்டு பிறகு ஊர் சொல்லித்தான் தெரியும். தன்ரை மகன்ரை பெண்சாதிக்குத் தானே மாப்பிளை பாத்த தகப்பனை நீங்கள் எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியளோ? நான் கேட்டனான். "கேதீசன் இருக்கிற நேரம் இது என்ன வேலை" எண்டு கேட்டனான். இவர் என்னைப் பாத்தார். எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தவர். என்ரை தலையைத் தடவிவிட்டிட்டு வெளியிலை போயிட்டார். இத்தினை வருசத்திலை பகலிலை என்னை அப்பிடித் தொட்டதே இல்லை அந்த மனிசன்.

கலியாண எழுத்து நடந்த அண்டைக்கு நான் போகேல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளை இருந்தனான். வெளிக்கிட்டு நிண்டவள், கதவுக்கு வெளியிலை வந்து நிண்டு, "மாமி, போட்டு வாறன்" எண்டாள். நான் பேசேல்லை. நிண்டுகொண்டே இருந்தாள். இவர், "வா பிள்ளை, நேரம் போகுது" எண்டு கூப்பிட்டது கேட்டது. பிறகும் ஒருக்கா, "மாமி, போட்டு வாறன்." போட்டு வாறன் எண்டால் ஓம் எண்டு சொல்லவேணும். அது எனக்குத் தெரியாததில்லை. அவனுக்குச் சொன்னனான்தானே. சொல்லி என்ன கண்டனான்.

சைக்கிளையும் கொண்டுபோனவள். இவர்தான் பின்னாலை தள்ளிக்கொண்டு போய்க் குடுத்தவர்.

அதிலையிருந்து நான் கதைக்கிறேல்லை. அவள் வருவாள். மாதத்திலை ரெண்டு மூண்டு தரம் வருவாள். மரக்கறி கொண்டுவருவாள், எனக்குச் சீலைக்கு ஓரம் அடிச்சுக் கொண்டுவருவாள். இவரோடை கதைச்சிட்டுப் போவாள். நான் குசினிக்குள்ளை நிண்டிடுவன். அவளுக்குப் பிலாக்கொட்டைக் கறி விருப்பம் எண்டபடியால் அவள் வாற நாளிலை வைப்பன். நாள் தெரிஞ்சு வைக்கிறேல்லை, தற்செயலா அமையும். இவர் போட்டுக்குடுப்பார், தின்னுவாள். ஒரு பொம்பிளைப்பிள்ளை பிறந்திருக்கு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இஞ்சை பார் அப்பம்மா எண்டு காட்டுறாள். நான் என்னெண்டு அப்பம்மா ஆகிறது? அந்தப் பிள்ளையின்ரை தகப்பனை நானோ பெத்தனான்? ஆனால் பிள்ளைக்கு என்ன தெரியும், அது கையை நீட்டுது. பிஸ்கற் வாங்கி வைச்சிருக்கிறன் ஒரு ரின்னுக்குள்ளை. எறும்பு வரும் எண்டு மாத்தி மாத்தி வாங்கி வைக்கிறது.

இவர் போன மாசிக்குப் போயிட்டார். வருத்தம் எண்டு படுக்கேல்லை. மத்தியானம் சாப்பிட்டிட்டுக் கதிரையிலை சாய்ஞ்சவர். நான் கோப்பை கழுவிப்போட்டு வந்து கூப்பிட்டால் பேச்சில்லை. அவள்தான் முதல் ஓடிவந்தவள். நிமலராசாதான் கொள்ளி வைச்சது. கேதீசன் வைக்கவேண்டிய கொள்ளி. வரும்வரைக்கும் வைச்சிருக்கலாமோ எண்டு நான் கேட்டனான். ஆரும் மறுமொழி சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லமாட்டினம். இந்த வீட்டிலை எதைக் கேட்டாலும் ஒருத்தரும் மறுமொழி சொல்லுறேல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரைக்கும் அவள் இஞ்சைதான் நிண்டவள். ரா ராவா என்ரை கால்மாட்டிலை பாயைப் போட்டுப் படுத்தவள். அப்பவும் நான் கதைக்கேல்லை. ஒருநாள் விடிய, என்ரை தலையை இழுத்து எண்ணெய் வைச்சு வாரிவிட்டாள். வாரி முடிச்சிட்டு, என்ரை நெத்தியை ஈரத்துணியாலை துடைச்சாள். நான் அண்டைக்கும் பழக்கத்திலை குங்குமம் வைச்சிட்டன் பிள்ளை. இவர் போனதை மறந்துபோனன். அவள் மெல்லமாத் துடைச்சுவிட்டாள். நான் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தனான்.

எனக்கு இவரிலை இருக்கிற ஒரே ஒரு குறை இதுதான். நான் சொல்லிக்கொள்ளுறன் எண்டு சொன்ன மனிசன். அந்தப் பொறுப்பைத் தான் எடுத்தவர். எடுத்துப்போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டார். இனி அவன் வந்தால் ஆர் சொல்லுறது? சைக்கிளைப் பற்றிச் சொல்லலாம். சைக்கிள் குளத்தடியிலை நிக்குது, போய் எடு எண்டு சொல்லலாம். மற்றதை நான் என்னெண்டு சொல்லுவன்? இரவிலை படுத்துக்கிடந்து அதைத்தான் யோசிக்கிறது. எப்பிடித் தொடங்குறது எண்டு. இன்னும் சரியா வரேல்லை.

குடியுங்கோ பிள்ளை, ஆறுது. சீனி காணுமோ?

அறை பிடிச்சிருக்குத்தானே. உங்கடை பெட்டியளைக் கொண்டுவாங்கோ. குறையைச் சொல்லி முடிச்சிட்டன், இனி நானும் அந்தளவுக்குக் கதைக்கமாட்டன். கிணத்திலை தண்ணி எப்பவும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போறதெண்டால் முதல் நாள் சொல்லிப்போடுங்கோ, நான் பாத்துக்கொண்டு இருப்பன்.

ஒண்டு மட்டும். இந்த அறைக்கு ரோட்டுப் பக்கமா ஒரு கதவு இருக்கு பாருங்கோ. வேலை முடிஞ்சு பிந்தி வந்தால் எங்களை எழுப்பக்கூடாது எண்டு அவன் இந்தக் கதவிலைதான் தட்டுவான். மூண்டு தட்டு, மெல்லமா. ஆரும் தட்டினால் நீங்கள் பயந்துபோயிடாதேங்கோ. ஆர் எண்டு கேட்டுப்போட்டுத் திறவுங்கோ. உள்ளுக்கு இருத்துங்கோ. சாப்பிட்டியளோ எண்டு கேளுங்கோ. பிறேமினி எங்கை எண்டுதான் முதல் கேட்பான். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ பிள்ளை. என்னைக் கூப்பிடுங்கோ.